டப்பாத் தக்காளியும் வெந்த கோதுமையும்

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. டாக்டர்களுக்கு அவள் டயட்டீஷியன், நோயாளிகளுக்கு டயட்டம்மா. மாடிப்படிக்குப் பக்கத்தில், முன்பு துடைப்பமும் வாளியும் போட்டு வைத்திருந்த அறையைத்தான் அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, சில நாற்காலிகள், எடை பார்க்கும் மெஷின், அளவு காட்டுவதற்காக பிளாஸ்டிக்கில் செய்த ரொட்டித் துண்டும் முட்டையும். காலை முதல் மாலை வரை நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அவள் பேச்சு மட்டும் மாறாது. இதைக் குறையுங்கள், அதைத் தொடாதீர்கள், தண்ணீரை அளந்து குடியுங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டியவர்களில் பாதிப் பேர் வாசலைத் தாண்டியதும் எதிரே இருக்கும் பலகாரக் கடைக்குள் நுழைவதை ஜன்னல் வழியாக அவளே பார்த்திருக்கிறாள். ஆரம்பத்தில் அதற்குக் கோபம் வந்தது. பிறகு வருத்தம் வந்தது. இப்போது கழுத்து வலி மட்டும்தான் வருகிறது.

வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு நோயாளி காத்திருந்தார். அவளுடைய அண்ணன்.

அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கப்பல்ல சமையலறை இருக்கு, தூங்க இடம் இருக்கு, சண்டை போட ஆள் இருக்கு. இதுக்கு மேல கல்யாணத்துல என்ன இருக்கு?" என்பார். வாலிபத்தில் ஏறியவர், தலை நரைத்து, கால் இரண்டும் வீங்கி, முகம் உப்பி ஒருநாள் இறங்கினார். ரத்தக்கொதிப்பை வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் ஓடும் என்று ஆகிவிட்டது. வெளியூருக்குப் படிக்கப் போன மகளின் அறை காலியாகக் கிடந்தது. அவரை அங்கே குடியமர்த்தினாள். அதைப் பற்றி அவளும் கணவரும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அண்ணனின் பெட்டியை வேனிலிருந்து இறக்கி, நேராக அந்த அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

பெட்டியைத் திறந்தபோது துணிமணிக்குச் சரிசமமாக உள்ளே தக்காளி டப்பாக்கள் இருந்தன. தோல் உரித்து, சொந்தச் சாற்றிலேயே ஊறப்போட்ட முழுத் தக்காளி. சில டப்பாக்கள் கடல் ஈரத்தில் விளிம்பு துருப்பிடித்திருந்தன. கப்பலில் புதுக் காய்கறி முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு இதுதான் கைகொடுத்த தெய்வம் என்றார் அண்ணன். அதனால்தான் கப்பலில் அவரை எல்லோரும் 'டப்பா' என்று கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பட்டம் வாங்கியவரின் பெருமை இருந்தது.

அவள் டப்பாக்களை எடுத்துச் சமையலறையின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் அடுக்கினாள். எறிந்துவிட மனம் வரவில்லை. அன்று மாலையே அண்ணனை உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் சொல்வதையெல்லாம் வீட்டிலும் ஒருமுறை சொன்னாள். உப்பு கிடையாது. தண்ணீர் அளவோடு. தக்காளி, அதிலும் டப்பாத் தக்காளி, அறவே கூடாது. அண்ணனுக்குச் சர்க்கரையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. மாத்திரைகளால் வயிறு வேறு இறுகிக் கிடந்தது. எனவே பெரும்பாலும் புல்கர் கோதுமை என்று முடிவு செய்தாள். அவித்து, காயவைத்து, உடைத்த கோதுமை. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சீக்கிரமே மலர்ந்துவிடும். வேலை முடித்து வந்து அடுப்புக்கு முன்னால் நிற்கத் தெம்பில்லாத அவளுக்கும் அது வசதி.

அண்ணன் லேசில் விடுகிற ஆள் இல்லை. முதல் வாரம் முழுக்கத் தட்டைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். பிறகு வாதத்துக்கு வந்தார். தக்காளியில் சத்து இல்லையா, டாக்டர்களே தினமும் தக்காளி சாப்பிடச் சொல்கிறார்களே, இந்தக் கோதுமையில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல் பார்க்கலாம் என்றார்.

அவளும் சொன்னாள். களைப்பாக இருந்தாலும் தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"சத்து இல்லேன்னு யாரு சொன்னா? வைட்டமின் சி தக்காளியிலதான் இருக்கு, கோதுமையில சுத்தமா கிடையாது. தக்காளிக்கு அந்தச் சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது பாரு, அதுவும் உடம்புக்கு நல்லது. டப்பாவுல போடறதுக்குச் சூடு பண்றாங்க இல்ல, அதுல அது இன்னும் நல்லா உடம்புல சேரும். ஆனா அது பெரும்பாலும் தண்ணிதான். வயிறு நிறையாது. வெந்த கோதுமை அதைப் போல மூணு நாலு மடங்கு தெம்பு கொடுக்கும். புரதம் இருக்கு, நார் இருக்கு."

"அப்போ ரெண்டும் சமம். ரெண்டையும் போடு."

"நல்லா இருக்கிறவங்களுக்குப் போடலாம். உனக்குப் பார்க்க வேண்டியது வேற. பொட்டாசியம். நூறு கிராம் டப்பாத் தக்காளியில கிட்டத்தட்ட இருநூறு மில்லிகிராம் இருக்கும். அதே அளவு வெந்த கோதுமையில எழுபது கூட வராது. தக்காளி டப்பாவுல உப்பு வேற போட்டிருக்கான். அதைத் தின்னா தாகம் எடுக்கும், தண்ணி குடிப்ப, கால் வீங்கும். மத்தவங்க உடம்புல பொட்டாசியம் சேர்ந்தா சிறுநீரகம் வெளிய தள்ளிடும். உனக்குத் தள்ள ஆள் இல்லை. அது ரத்தத்துலயே நின்னு ஒருநாள் இதயத்தை நிறுத்திடும். வலிக்காது, சொல்லாது, அப்படியே நின்னுடும்."

அதற்குப் பிறகு அண்ணன் வாதம் செய்யவில்லை. அவர் பயந்துவிட்டாரா, அலுத்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சமையல்தான். அண்ணனுக்கு ஒரு பாத்திரம், தங்களுக்கு ஒரு பாத்திரம் என்று இரண்டு வைக்க அவளால் முடியவில்லை. உப்பில்லாத கோதுமை, ஊறவைத்துத் தண்ணீரை இறுத்த காய், அளந்து வைத்த ஒரு துண்டு கோழி. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு ஓடுவாள். மத்தியானம் கணவர் வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வருவார். அவரும் அண்ணனும் சேர்ந்து சாப்பிடுவார்கள். கணவர் வாயைத் திறந்து குறை சொன்னதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான். வைத்ததைச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, பிள்ளைகளைக் கூட்டிவர மாலை நடைக்கு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கும் பசி, ருசி என்று ஒன்று இருக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள்.

சில மாதம் எல்லாம் சரியாகத்தான் போனது. அண்ணனின் காலில் வீக்கம் வற்றியது. முகம் பழைய முகமாக ஆனது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சிறுநீரகப் பிரிவின் டாக்டர், வயதில் அவளைவிட ரொம்பச் சின்னவர், வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம், "உங்க அண்ணனை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்று சிரிப்பார். அந்த ஒரு வார்த்தையை அவள் வீடுவரை சுமந்துகொண்டு போவாள்.

பிறகு அந்தப் பொட்டாசிய எண் ஏற ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். டாக்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, வீட்டில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார். அவள் ஒன்றையும் மாற்றவில்லை. சமைப்பதை ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள். எங்கேயும் இடிக்கவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். தான் இல்லாத நேரத்தில் அண்ணன் தின்கிறார். எதிர்க்கடைக்குள் நுழைகிற நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்தவள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட வீட்டுக்குப் பின்னால் போனவள் கண்ணில் அது பட்டது. பழைய இரும்புக்காரனுக்காக வேனின் தேய்ந்த உதிரிகளைப் போட்டு வைக்கும் சாக்கு. வாய் கட்டியிருந்தது. நகர்த்தும்போது கலகலவென்று சத்தம் கேட்டது. அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே காலித் தக்காளி டப்பாக்கள். கழுவித் துடைத்து, காகிதத்தை உரித்து, ஈ மொய்க்காதபடி நேர்த்தியாக ஒன்றுக்குள் ஒன்று செருகியவை. கப்பலில் குப்பையைக்கூட ஒழுங்காக வைக்கப் பழகிய ஒரு கைதான் அப்படிச் செய்யும்.

அவள் மேல்தட்டை எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் சில டப்பாக்கள் நின்றன. பின்னால் வெறும் பலகை.

சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். சாக்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"இது என்ன?"

அண்ணன் சாக்கைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார்.

"நான் சாப்பிடல" என்றார் அண்ணன்.

"அப்போ பூனையா டப்பாவை வெட்டித் தின்னுட்டுக் கழுவியும் வச்சுது?"

"நான் சாப்பிடலம்மா. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் பேசுகிற அதே தணிந்த குரலில் பேசினாள். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு வருகிறேன், வீட்டிலும் பொய்தான் கேட்க வேண்டுமா என்றாள். உனக்காக நாங்கள் இரண்டு பேரும் உப்பை மறந்து எத்தனை மாதமாகிறது தெரியுமா என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் மோசம்.

"சாகறதுன்னு முடிவு பண்ணிட்டா கப்பல்லயே செத்திருக்கலாமே அண்ணா. என்னை ஏன் பக்கத்துல உட்கார வச்சுப் பார்க்கச் சொல்ற?"

அண்ணன் எழுந்து அறைக்குப் போய்விட்டார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு தண்ணீர் குடித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு தேய்ந்துபோனது. மிச்ச டப்பாக்களை அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணனின் சாப்பாட்டில் காயையும் பாதியாகக் குறைத்தாள். வெந்த கோதுமை மட்டும் தாராளம்; அது ஆபத்தில்லாதது. அண்ணன் வைத்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். காலையில் அவள் கிளம்பும்போது அறைக்கதவு சாத்தியிருக்கும். மாலையில் வரும்போதும் சாத்தியிருக்கும். கதவுக்கு முன்னால் ஒரு கணம் நிற்பாள். உள்ளே ரேடியோ மெல்லக் கேட்கும். தட்டலாம் என்று தோன்றும். தட்டினால் பேச வேண்டுமே என்றும் தோன்றும். முதலில் முகம் கழுவிக்கொள்ளலாம், பிறகு பார்க்கலாம் என்று போய்விடுவாள். அந்தப் பிறகு வரவே இல்லை.

எண்ணும் இறங்கவில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் இன்னும் ஏறியிருந்தது. அப்போதும் அவளுக்குச் சந்தேகம் தன் சமையல் மேல் வரவில்லை. அண்ணன் எங்கிருந்தோ வாங்கித் தின்கிறார் என்றே நினைத்தாள்.

ஒரு மத்தியானம், இளம் தாய் ஒருத்திக்குக் குழந்தையின் எடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கணவரிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் போன் செய்கிற வழக்கம் கிடையாது.

"அண்ணனால எழுந்திருக்க முடியல. கால் ரெண்டும் கல்லு மாதிரி இருக்குங்கிறார். வாயைச் சுத்தி மரத்துப் போச்சாம்."

அவள் கேட்க வேண்டியதில்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அண்ணனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, தாயிடம் மன்னிப்புக் கேட்டு எழுந்தாள்.

கணவர் பள்ளிக்கூட வேனிலேயே அண்ணனைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான நீளச் சீட்டில், மடித்த கம்பளி மாதிரி அவர் கிடந்தார். இ.சி.ஜி. காகிதம் வெளியே வந்தபோது அதில் கூர்கூராக நின்ற கோடுகளைப் பார்த்துச் சின்ன டாக்டரின் முகம் மாறியது. ஊசி போட்டார்கள். மெஷினைத் தயார் செய்ய ஆட்கள் ஓடினார்கள். அவள் அண்ணனின் தலைமாட்டில் நின்றாள். இத்தனை நாள் சாத்திய கதவுக்கு வெளியே நின்றவள், இப்போது அவர் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"அண்ணா, கோபப்படமாட்டேன். டாக்டருக்குத் தெரியணும். என்ன சாப்பிட்ட?"

"நீ வச்சதுதான்" என்றார் அண்ணன். நாக்கு தடித்திருந்தது. "கோதுமை. முன்னாடியும் சரி, நீ திட்டினதுக்கு அப்புறமும் சரி, வேற எதையும் தொடல. அதுவும் மாப்ளை அந்த நல்ல உப்பைப் போடறதால இறங்குது. இல்லேன்னா அதுவும் இறங்காது."

"எந்த நல்ல உப்பு?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"சோடியம் கம்மியா இருக்கிற உப்பு" என்றார். "கடையில வாங்கி வேன்ல வச்சிருந்தேன். பாக்கெட் மேல இதயம் படம் போட்டிருந்தான், ரத்தக்கொதிப்பு உள்ளவங்களுக்குன்னு. நீதானே சோடியம்தான் எதிரின்னு சொல்லுவ. அவர் சாப்பிட முடியாம தட்டைத் தள்ளறதைப் பார்க்க முடியல. மத்தியானம் அவர் தட்டுல கொஞ்சம் தூவுவேன். இப்பெல்லாம் அவருக்கு அது மட்டும்தானேன்னு கொஞ்சம் கூடுதலா."

டாக்டர் தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "பொட்டாசியம் குளோரைடு" என்றார்.

அந்த உப்பில் சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைப் போடுகிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த உப்பில் ஒரு தேக்கரண்டி போட்டால் ஒரு முழு டப்பாத் தக்காளியில் இருப்பதைவிட அதிகப் பொட்டாசியம் உள்ளே போகும். சிறுநீரகம் கெட்ட ஒவ்வொருவரிடமும், அந்த மாடிப்படியோர அறையில், பேச்சை முடிக்கும்போது கடைசியாக அவள் சொல்லும் வாக்கியமே அதுதான்: சோடியம் கம்மி என்று விற்கிற உப்பைத் தொட்டுவிடாதீர்கள். முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் சொன்னாள். வீட்டில் சொல்லவில்லை. வீட்டில்தான் உப்பே கிடையாதே என்று நினைத்தாள்.

அண்ணனை மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். எழுந்து நிற்கவோ அழவோ உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கணவர் கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தார். பள்ளிக்கு வேறு டிரைவரை அனுப்பச் சொல்லிவிட்டேன் என்றார். அவள் தலையாட்டினாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார். "அந்த டப்பா எல்லாம் நான் சாப்பிட்டது."

அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒருநாள் அண்ணன் கேட்டார், மாப்ளை, உங்களுக்கு எந்த வியாதியும் இல்லையே, நீங்க ஏன் இதைத் தின்னு கஷ்டப்படறீங்கன்னு. வெங்காயம், பூண்டு வதக்கி, தக்காளியை நசுக்கிப் போட்டு ஒரு குழம்பு மாதிரி வச்சார். நான் சாப்பிட்டேன். அவர் ஒரு ஸ்பூன்கூட வாயில வைக்கல. பக்கத்துல உட்கார்ந்து மோந்து பார்ப்பார். நான் சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டே தன் கோதுமையைச் சாப்பிட்டு முடிச்சிடுவார். அது அப்படியே வழக்கமா போச்சு."

"நான் அன்னிக்கு அத்தனை பேசினேனே. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

"என் மேல அவ்வளவு பயமா?"

கணவர் சாவிக்கொத்தைக் கையில் புரட்டினார். "உன் மேல இல்ல. நீ வேலை முடிஞ்சு வர்றப்ப உன் முகம் இருக்கும் பாரு. அதுக்கு மேல இன்னும் ஒண்ணை வைக்க மனசு வராது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். அண்ணனும் விடுங்க மாப்ளை, அவ கோபம் தானா ஆறிடும்னுட்டார்."

கணவர் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்து அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. தானும் அந்தக் கதவைத் தட்டாமல் நாளைக்கு நாளைக்கு என்றுதானே கடந்து போனாள். பசிக்கிறது என்று சொல்லாத ஒரு மனிதர், தின்னவில்லை என்பதற்கு மேல் சொல்லாத இன்னொரு மனிதர், கேட்க நேரமில்லாத தான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றப் போய் இந்தப் படிக்கட்டில் வந்து சேர்ந்திருந்தார்கள். அவள் கணவரின் தோளில் சாய்ந்துகொண்டாள். யாரோ நோயாளியின் உறவினர்கள் வழி கேட்டார்கள். இருவரும் நகர்ந்து வழிவிட்டு, மறுபடியும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

மாலையில் அண்ணனைப் பார்க்க விட்டார்கள். ஆபத்து தாண்டியிருந்தது. கையில் பெரிய கட்டுடன், தலையணையில் சாய்ந்து, உதடு காய்ந்து படுத்திருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில், "டப்பா விஷயம் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

"ம்."

"நான் பேசினது தப்பு அண்ணா. கப்பல்லயே செத்திருக்கலாம்னு சொன்னது."

பரவாயில்லை என்ற வார்த்தையை அவள் எதிர்பார்த்தாள். அவர் அதைச் சொல்லவில்லை.

"வலிச்சுது" என்றார். "கதவைச் சாத்திக்கிட்டு ரொம்ப நாள் அதையேதான் யோசிச்சேன். இவளுக்குப் பாரமாத்தான் இருக்கேன்னு. தப்பு ஒண்ணும் இல்லை, உண்மைதான்."

"பாரம்தான்" என்றாள் அவள். பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆனா இறக்கி வைக்கணும்னு நான் நினைச்சதில்ல. களைச்சுப் போயிருக்கேன். அவ்வளவுதான்."

அண்ணன் அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிப் பார்த்ததே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. நோயாளி டயட்டீஷியனைப் பார்க்கிற பார்வை இல்லை. அண்ணன் தங்கையைப் பார்க்கிற பார்வை.

"அப்போ சமையலை என்கிட்ட கொடு" என்றார்.

"நீ ஓய்வெடுக்கணும்."

"மெஷின்ல படுக்காத நாள்ல நான் ஓய்வெடுத்து எடுத்துத்தான் செத்துக்கிட்டிருக்கேன். இருபது பேருக்குச் சமைச்சவன். அடுத்தவன் சாப்பிடறதைப் பார்த்தாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். உங்களுக்கு ஒரு பாத்திரம், எனக்கு ஒரு பாத்திரம். எனக்கு எது எவ்வளவுன்னு நீ சொல்லு, ஒரு துளி தாண்டமாட்டேன். உனக்கு எது எவ்வளவுன்னு நான் சொல்றேன். நீ மத்தியானம் ஒழுங்கா சாப்பிடறதில்லன்னு மாப்ளை சொல்றார்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எதையோ தேடினார்.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். முதல் வேலையாக அந்த உப்புப் பாக்கெட்டைக் கணவர் தன் கையாலேயே கொட்டிக் கழுவினார். சமையலறை அண்ணன் கைக்குப் போனது. நாட்கள் போகப் போகத்தான் அந்த ஏற்பாடு படிந்தது. ஆரம்பத்தில் அவரால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. உயரமான ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே நறுக்கினார். கோதுமையைக் கொதிக்க வைப்பதற்கு முன் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்தார். மிளகும் பூண்டும் நசுக்கிப் போட்டார். உப்பில்லாமலேயே அது சாப்பிடுகிற மாதிரி ஆனது. இத்தனை மாதம் தான் சமைத்தது வெறும் மருந்து என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. மெஷினுக்குப் போகிற நாள் காலையில் மட்டும், சாற்றை வடித்து அலசிய தக்காளி ஒரு கரண்டி சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தாள். அண்ணன் அதைக் கரண்டியின் விளிம்பைத் தாண்டாமல் கத்தியால் வழித்து அளந்தார்.

எண் இறங்கியது. அண்ணன் குணமாகிவிடவில்லை, அந்த வியாதியில் குணம் என்று ஒன்று கிடையாது. வாரத்தில் மூன்று நாள் கணவர் வேனில் கொண்டுபோய் விடுவதும், அவர் வெளுத்த முகத்தோடு திரும்பி வந்து படுப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆஸ்பத்திரியில் அவளுடைய நாற்காலிகளில் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஒரே ஒரு வித்தியாசம், இப்போது அவள் வந்தவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டாள்: வீட்டில் யார் சமைக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து யார் சாப்பிடுகிறார்கள்? அவர்களையும் அழைத்து வாருங்கள் என்றாள். அதனால் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு மழை நாள் மாலை, நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். மேஜையில் அவளுக்கு ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. அண்ணனும் கணவரும் ஏதோ துறைமுகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்; அதாவது அண்ணன் பேசினார், கணவர் கேட்டார். முகம் கழுவக்கூடப் போகாமல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். சிவந்த குழம்பு, சூடாக இருந்தது. அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்தார்.

"உப்பு போதுமா?"

"போதும்."

"இன்னும் கொஞ்சம் குழம்பு போட்டுக்கோ. மெலிஞ்சுட்ட."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கரண்டியைச் சாய்த்துவிட்டார். பாதித் தட்டு முடியும்போதே அவளுக்குக் களைப்பில் கண் சொக்கியது. இரண்டு பேர் குரலும் எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கண்ணை மூடினாள். யாரோ தட்டைச் சத்தமில்லாமல் நகர்த்தினார்கள். எழுப்பாதீங்க மாப்ளை, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னது காதில் விழுந்தது.